அச்சு வேலை கையில் அழகு, படத்தில் மங்கல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பைண்டிங் மேசையில் கண்ணைப் பறித்த கார்டு, இன்ஸ்டாகிராமில் ஏற்றியதும் ஜெராக்ஸ் எடுத்துப் போட்டதுபோல் கிடக்கிறது. அச்சகம் நடத்துகிற பலருக்கும் பழக்கமான வருத்தம் இது. அச்சு வேலை தடவிப் பார்க்க வேண்டிய பொருள். தாளின் கனம், தாளில் ஒட்டிய உலோகப் படலமான ஃபாயிலின் மினுக்கு, தாளை அழுத்தி எழுப்பும் எம்பாஸின் மேடு எல்லாம் விரலுக்குத் தெரியும், கேமராவுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் தெரிய வைக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. கீழே சொல்பவை பெரும்பாலும் ஃபோனிலேயே செய்யக்கூடியவை. உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில்: கோளாறு எங்கே நுழைந்தது?

ஒரே படத்தை மூன்று நிலையில் பாருங்கள்: ஃபோன் எடுத்த அசல், எடிட் செய்து சேமித்த கோப்பு, தளத்தில் ஏற்றிய பிறகு தெரிவது. மூன்றையும் ஒரே திரையில், ஒரே வெளிச்ச அளவில் பாருங்கள். கண் கூசாமல் இருக்க ஃபோன் தானாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

அசலிலேயே கோளாறு இருந்தால் வெளிச்சத்தைத் திருத்த வேண்டும். எடிட்டில் வந்திருந்தால் ஃபில்டரைக் குறைக்க வேண்டும். ஏற்றிய பிறகுதான் வந்தது என்றால் கோப்பின் நிற வகையோ அளவோ தவறு. இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஃபில்டரை இழுத்து இழுத்துப் பார்ப்பதில்தான் நேரம் போகிறது. என் கணக்கில் பாதிக்கு மேல் பிரச்சினை வெளிச்சத்தில்தான் இருக்கும்.

## ஏற்றியதும் நிறம் மாறிவிடுகிறது

இரண்டு வகை உண்டு. முதல் வகை, அச்சுக்குத் தயாரித்த டிசைன் கோப்பையே ஜேபெக் ஆக்கி ஏற்றியது. அது சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சின் நான்கு மை நிற முறையில் இருக்கும். திரைக்கான தளங்கள் சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டும் ஆர்ஜிபி-யை எதிர்பார்ப்பவை. சிஎம்ஒய்கே கோப்பை ஏற்க மறுக்கலாம், அல்லது தன் போக்கில் மாற்றும்போது பச்சை எரிக்கிற பச்சையாகவும் சிவப்பு சோர்ந்தும் போகலாம். ஏற்றும் முன் நீங்களே எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலுக்கு (திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) மாற்றி, அந்த ப்ரொஃபைலைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள். மாற்றுவது வேறு, ஒட்டுவது வேறு என்பதைக் கவனியுங்கள். ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும். உங்களுக்கு வேண்டியது முதலாவது.

இரண்டாவது வகை, ஃபோனில் எடுத்த படமே மாறுவது. புதிய ஃபோன்கள் பல, எஸ்ஆர்ஜிபி-யைவிட அகலமான நிற எல்லையில் சேமிக்கின்றன. பார்ப்பவரின் திரைக்கு அந்த அகலம் இல்லாவிட்டால் ஆரஞ்சும் சிவப்பும் தட்டையாகத் தெரியும். இதற்கும் எஸ்ஆர்ஜிபி-யாக ஏற்றுமதி செய்வதே மருந்து.

ஃப்ளோரசென்ட் மை விஷயத்தில் மட்டும் போராட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுவதால்தான் அப்படி எரிகிறது. அந்தப் பிரகாசத்தை எஸ்ஆர்ஜிபி படத்தில் அடைக்க இடமில்லை. பக்கத்தில் சாதாரண மையில் அடித்த ஒரு கார்டை வைத்து எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் விஷயம் விளங்கிவிடும்.

## தங்க ஃபாயில் கறுப்பாகவோ சேற்று நிறமாகவோ விழுகிறது

அச்சகப் படங்களில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃபாயில் ஒரு கண்ணாடி. அதற்கென்று ஒளி கிடையாது. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். கறுப்பு விசிட்டிங் கார்டை மேசையில் வைத்து நேர் மேலிருந்து எடுக்கிறீர்கள். எதிரில் என்ன இருக்கிறது? இருட்டான கூரை, உங்கள் கை, ஃபோனின் பின்பக்கம். ஃபாயிலில் விழுவதும் அந்த இருட்டுதான். கூடுதல் விளக்குப் போட்டாலும் பயன் இல்லை. அந்த வெளிச்சம் கார்டில் பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். ஃபோனின் ஃப்ளாஷ் இன்னும் மோசம். ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டு மற்ற இடத்தை இருட்டாக விட்டுவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஜன்னலோரம் மேசையைப் போடுங்கள். கார்டைப் படுக்க வைத்து, எதிர்ப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். வேஸ்டேஜில் கிடக்கும் ஆர்ட் போர்டு ஒன்றே போதும். நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து சரிவாகப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் அந்த அட்டையை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கட்டும். ஒரு குறிப்பிட்ட சாய்வில் எழுத்து மொத்தமும் விளக்கு ஏற்றியதுபோல் எழும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஒரு நுணுக்கம். வெள்ளை அட்டை ஃபாயில் முழுவதையும் மூடினால் தங்கம் வெளிறி, மஞ்சள் மை அடித்ததுபோல் ஆகிவிடும். எழுத்தின் ஒரு பகுதியில் வெள்ளையும் மற்றொரு பகுதியில் இருளும் விழ வேண்டும். வெளிச்சம் இருளாக மாறுகிற அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் கண் ‘இது உலோகம்’ என்று முடிவு செய்கிறது. அட்டையின் விளிம்பு சரியாக எழுத்தின் நடுவில் பிரதிபலிக்கும்படி நகர்த்துங்கள்.

நேர் மேலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால், வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள்.

அப்புறம், ஃபாயிலுக்கு வீடியோவே மேல். கார்டை விரல்களில் பிடித்து நான்கு நொடி மெல்லச் சாய்த்தால் போதும். வெளிச்சம் எழுத்தின் மேல் ஓடும். எந்தப் புகைப்படமும் அதைச் சொல்ல முடியாது.

## எம்பாஸும் ஸ்பாட் யூவியும் தெரியவே இல்லை

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எம்பாஸுக்கு நிழல் வேண்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் பிடியுங்கள். மேட்டின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழும். வெளிச்சம் இடப் பக்கம் மேலிருந்து வந்தால் நல்லது. கீழிருந்து வந்தால் பலர் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தெரியும்.

ஸ்பாட் யூவிக்கு, அதாவது சில இடத்தில் மட்டும் பூசும் பளபளப்புப் பூச்சுக்கு, நிழல் உதவாது. பிரதிபலிப்புதான் உதவும். மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேலுறை) ஒளியைச் சிதறடிக்கும், யூவி பூசிய இடம் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பும். எனவே ஜன்னலின் பிரதிபலிப்பு நேராக லென்ஸுக்குள் வரும் கோணத்தில் எடுங்கள். யூவி பகுதி வெள்ளையாக மின்னும், சுற்றிலும் மேட் அமைதியாக இருக்கும்.

பளபளப்பான கிளாஸ் லேமினேஷனில் தொல்லை தலைகீழ். பிரதிபலிப்பு வந்து படத்தையே அழித்துவிடும். விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரியில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

## வெள்ளைத் தாள் சாம்பலாக, மஞ்சளாக, நீலமாகத் தெரிகிறது

சாம்பலாகத் தெரிந்தால் கேமரா ஏமாந்திருக்கிறது. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்து அதுவே குறைத்துவிடும். திரையில் தாளைத் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் மேலே இழுங்கள். கறுப்புக் கார்டுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்றால் ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை எடிட்டில் சரிசெய்யப் போனால் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் கெடும்.

தாள் மட்டும் நீலம் பாய்ந்து, பக்கத்தில் உள்ள பொருட்கள் சரியாக இருந்தால் அது தாளின் குணம். பளிச் வெள்ளைத் தாள்களில் ஒளியூட்டும் ரசாயனம் சேர்ப்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாவை அது நீல ஒளியாக்கிக் காட்டும். இடத்தை மாற்றி எல்இடி விளக்கில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வெள்ளை எல்இடியில் புற ஊதா மிகக் குறைவு. அச்சு நிறத்தைச் சரிபார்க்க நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 5000 கெல்வின் விளக்கு மேசை இருந்தால் படத்தையும் அங்கேயே எடுக்கலாம்.

## படத்தில் அலை அலையாகக் கோடு

ஆஃப்செட் அச்சு என்பது புள்ளிக்கூட்டம். வழக்கமான வேலையில் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரி. கேமராவின் சென்சாரும் ஒரு கட்டம். இரண்டு கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நடுவில் இல்லாத ஒரு மூன்றாவது கோலம் பிறக்கும். அதுதான் மொயரே.

முதலில் லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து அச்சையே பாருங்கள். ரோஜாப்பூ வடிவப் புள்ளிக்கொத்து ஒழுங்காக இருந்தால் அச்சில் குறை இல்லை. வெறும் கண்ணுக்கே அலை தெரிந்தால் ஸ்கிரீன் கோணத்தில் (ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் சாயும் கோணம்) கோளாறு. அந்த வேலையைக் காட்சிக்கு வைக்க வேண்டாம், பிளேட்டைப் பாருங்கள்.

அச்சு நன்றாக இருந்து அசல் படத்தில் அலை இருந்தால், ஃபோனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள், அல்லது விலக்குங்கள், அல்லது தாளைச் சில டிகிரி திருப்புங்கள். ஒரு சாணளவு நகர்ந்தாலே பல நேரம் மறைந்துவிடும். அசலை முழுதாகப் பெரிதாக்கினால் அலை இல்லை, ஏற்றியதும் மட்டும் வருகிறது என்றால் தளம் படத்தைச் சுருக்கும்போது பிறந்த அலை. இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலத்துக்கு நீங்களே சுருக்கி, அதற்கு முன் மிக லேசாக மென்மையாக்கிவிட்டு ஏற்றுங்கள். சுருக்குகிற வேலையைத் தளத்திடம் விடாதீர்கள்.

## வீடியோவில் இருண்ட பட்டைகள் ஓடுகின்றன

அச்சகத்தின் விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்குகின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. கேமராவின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். ப்ரோ மோடில் ஷட்டரை 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120 என்று வையுங்கள். ஸ்லோ மோஷனுக்கு இது பொருந்தாது. அதைப் பகல் வெளிச்சத்திலோ மினுக்காத வீடியோ விளக்கிலோ மட்டும் எடுங்கள்.

ஓடுகிற உருளை நின்றதுபோலவோ பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தெரிந்தால், ஃப்ரேம் வேகமும் உருளையின் வேகமும் ஒத்துப்போயிருக்கின்றன. 30-ஐ 25 ஆக்கிப் பாருங்கள், அல்லது ஷட்டரை மெதுவாக்குங்கள். கொஞ்சம் கலங்கித் தெரிந்தால்தான் ஓட்டம் ஓட்டமாகத் தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உருளை நன்றாகத் தெரிய வேண்டுமென்று மிஷினின் பாதுகாப்பு மூடியைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, தாள் உள்ளே போகும் ஃபீடர் பக்கம் குனியாதீர்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே ஃபோனை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு விலகி நில்லுங்கள். தாள் வெளியே வரும் டெலிவரியில் ஷீட் வந்து அடுக்கடுக்காக விழுவதே பார்க்க எவ்வளவோ நன்றாக இருக்கும், அங்கே ஆபத்தும் குறைவு.

## வீடியோ ஏற்றியதும் மங்கலாகவோ வெளிறியோ போகிறது

யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் தயார் செய்யும். எச்டியும் 4கே-யும் பிறகுதான் வரும். முதல் நாளே தனிப்பட்டதாக ஏற்றி வைத்துவிட்டு, தரம் முழுதாக வந்ததும் வெளியிடுங்கள்.

தாளின் நயம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் கேமராவை வேகமாக நகர்த்தியிருக்கிறீர்கள். டெக்ஸ்சர் உள்ள தாள், சிறு எழுத்து, புள்ளி அச்சு எல்லாமே சுருக்குவதற்குக் கடினமானவை. கேமராவை அசையாமல் வைத்துப் பொருளை மெல்ல நகர்த்துங்கள். எழுத்தைப் படிக்க வைக்க வேண்டுமானால் மூன்று நொடியாவது நிறுத்துங்கள்.

வெள்ளை எரிந்துபோய், நிறம் வெளிறி வந்தால் ஃபோனில் எச்டிஆர் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

சத்தம் காணாமல் போனால் பாட்டுதான் காரணம். வணிகக் கணக்குகளுக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது. யூடியூப்பில் உரிமைதாரரின் கோரிக்கையும் வரும். யூடியூப்பின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் மிஷின் சத்தத்தையே விடுங்கள். பழைய லெட்டர்பிரஸ் ‘டக் டக்’ என்று விழுவதைக் கேட்கவே பலர் கடைசி வரை பார்க்கிறார்கள்.

## ஓரம் வெட்டுப்படுகிறது

அச்சில் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீட்டும் நிறம்) விடுகிறோம், எழுத்தை உள்ளே தள்ளி வைக்கிறோம். இங்கேயும் அதே பழக்கம்தான். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் 9:16, அதாவது 1080 × 1920. கீழ்ப் பகுதியிலும் வலது ஓரத்திலும் தளத்தின் பொத்தான்கள் வந்து உட்காரும், அங்கே வேலையின் முக்கியப் பகுதி வரக் கூடாது. சாதாரணப் பதிவுக்கு 4:5 நல்லது. பின்டரஸ்டுக்கு 2:3. இன்ஸ்டாகிராம் முகப்புக் கட்டம் 2025-இல் சதுரத்திலிருந்து 3:4-க்கு மாறியதால், சதுரத்துக்கு என்று அமைத்த பழைய முகப்புப் படங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## வாட்ஸாப்பில் வந்த படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது

ஃபேக்டரியிலிருந்து அனுப்புகிறவரை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வேறொன்றும் இல்லை.

## பார்வை ஏறுகிறது, விசாரணை வரவில்லை

படம் சரியாகிவிட்டது, இருந்தும் ஃபோன் அடிக்கவில்லை. பதிவின் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘எங்கள் புதிய படைப்பு’ என்றால் வாங்க வந்தவருக்கு அதில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘350 ஜிஎஸ்எம் போர்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன், முன்பக்கம் தங்க ஃபாயில், 90 × 54 மில்லிமீட்டர், 500 கார்டு.’ (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்.) படிக்கிறவர் தன் வேலையை அதில் பொருத்திப் பார்ப்பார். ‘இதையே 300 ஜிஎஸ்எம்மில் செய்வீர்களா?’ என்று கேட்பார். அதுதான் விசாரணை. முதல் இரண்டு வரிக்குள் இதைச் சொல்லிவிடுங்கள், மீதியைத் தளம் மடித்து மறைத்துவிடும்.

இணைப்பும் பார்க்க வேண்டிய விஷயம். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் முகவரியைச் சொடுக்க முடியாது, பயோவில்தான் வைக்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸின் விளக்கத்தில் போடும் இணைப்பும் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வேலை செய்வதில்லை. நீள வீடியோவின் விளக்கத்தில் வேலை செய்யும். பின்டரஸ்டில் படமே இணைப்பு.

எதைக் காட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முடிந்த வேலையை மட்டும் அடுக்கினால் எல்லா அச்சகமும் ஒன்றுபோல் தெரியும். வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு சங்கடத்தை எடுத்து, நீங்கள் அதை எப்படித் தவிர்க்கிறீர்கள் என்று காட்டுங்கள். உதாரணமாக, 300 ஜிஎஸ்எம் அட்டையில் கரும்நீலம் அடித்திருக்கிறது. ஒன்றைக் கிரீஸ் (மடிக்கும் முன் அழுத்திப் போடும் தடம்) போடாமல், தாளின் இழைக்குக் குறுக்காக மடியுங்கள். மடிப்பு நெடுக மை வெடித்து வெள்ளை நார் தெரியும். பக்கத்திலேயே இன்னொன்றை இழை ஓடும் திசையில், கிரீஸ் போட்டு மடியுங்கள். நீலம் உடையாமல் திரும்பும். இரண்டையும் கிட்டே கொண்டுபோய் ஒரே ஷாட்டில் காட்டுங்கள். பேச்சே வேண்டாம், முப்பது நொடி வேலை. பிரோஷர் மடிப்பில் ஒருமுறை அடி வாங்கிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்ததும் உங்களைக் கூப்பிடுவார்.

அளவு தெரியாத படமும் விசாரணையைத் தடுக்கும். பெட்டி உள்ளங்கை அளவா, மேசை அளவா? ஒரு கையையோ பேனாவையோ சேர்த்து எடுங்கள்.

## ‘அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்’ என்று வாடிக்கையாளர் சொல்கிறார்

உடனே எடுத்துவிடுங்கள். விளக்கம் பிறகு சொல்லலாம். அச்சகத்துக்கு வரும் வேலையில் பாதி, இன்னும் வெளியே தெரியக் கூடாதது. சந்தைக்கு வராத பொருளின் லேபிள், அறிவிக்காத நிகழ்ச்சியின் போஸ்டர் எல்லாம் நம் மேசைக்குத்தான் முதலில் வருகிறது. ஆர்டர் படிவத்திலேயே ‘முடிந்த வேலையைப் படம் எடுத்து வெளியிடலாமா, எந்தத் தேதிக்குப் பிறகு?’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அனுமதி இருந்தாலும் ஃபோன் நம்பர், முகவரி, கையெழுத்து இவற்றை மறையுங்கள். க்யூஆர் கோடை மறக்காதீர்கள். படத்தில் தெளிவாக விழுந்த க்யூஆரை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்ய முடியும், பணம் பெறும் கோடாகவும் அது இருக்கலாம். பின்னணியில் அடுக்கியிருக்கும் அடுத்தவர் வேலையையும் பாருங்கள், பல நேரம் அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். வீடியோ வெளியான பிறகு கண்ணில் பட்டால், யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்த இடத்தை மட்டும் கலங்கலாக்கலாம். விமியோவில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை அதே முகவரியில் வைக்கலாம்.

டிசைனை முழுதாக, நேராக, பெரிய அளவில் ஏற்றினால் அதை அப்படியே எடுத்து வேறு இடத்தில் அடித்துக்கொள்ள வழி செய்கிறோம். சாய்வாக, ஒரு பகுதி மட்டும் கூர்மையாக விழும்படி எடுங்கள். அச்சின் நேர்த்தி தெரியும், டிசைன் களவு போகாது.

## ‘படத்தில் பார்த்ததுபோல் இல்லையே’ என்கிறார்

இது வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள். எடிட்டில் நிறத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். திரை தானே ஒளிர்வது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் எட்டுகிற பிரகாசம் தாளில் எட்டாது. இதில் நிறத்தையும் ஏற்றிவிட்டால் வாடிக்கையாளர் நம் மிஷினால் அடிக்க முடியாத ஒன்றைக் கேட்டு வருவார்.

எடிட் முடித்ததும் அச்சிட்ட ஷீட்டைத் திரையின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சாச்சுரேஷனை (நிறச் செறிவு) கூட்டாமல், பிரகாசத்தையும் வெள்ளையையும் மட்டும் சரிசெய்து இரண்டும் ஒத்து வருகிற வரை இறக்குங்கள். ஏற்கனவே புகார் சொன்னவருக்கு, அதே வேலையின் சாம்பிள் ஷீட் ஒன்றை அனுப்பி வையுங்கள். அவர் கையில் எடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த வேலையை பிரஸ்ஸில் ஏற்றுங்கள். அந்தப் பழைய படத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள்.